இடது கை மரியாதை

இயேசு மரி சூசை துணை

அனுமந்தன்பட்டி
15.2.1998

அன்புள்ள அண்ணன் பங்கிராஸ் அவர்களுக்குத் தங்கை வியாகுலமேரி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளை சவரிமுத்துவும் பிள்ளை அருண் ஜோசப்பும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை எழுதவும்.

நவம்பரில் ஒரு கார்டு போட்டீர்கள். அதோடு சரி. எங்கள் வீட்டுப் படியை நீங்கள் மிதிப்பதில்லை, அது ஊருக்கே தெரியும். ஆனால் வருடா வருடம் கிறிஸ்துமஸ் பூசைக்காவது வந்து, கோவில் வாசலில் என்னைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். இந்த வருடம் அதுவும் இல்லை. அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அண்ணனால் நகரமுடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். நீங்கள் ரிட்டையர் ஆகி மூன்று வருடம் ஆனது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் தலையாட்டினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அருணுக்குச் சாரணர் படையில் ஜனாதிபதி விருது கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அதில் விருது கிடையாதாம். முடிச்சுப் போடுவது, கல் கூட்டிச் சமைப்பது, கூடாரத்தில் தங்குவது என்று எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கிறான். ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வரும். அதை வீட்டில் ஆணியடித்து மாட்டிவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனமில்லை. மே 17 ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் நாங்களே ஒரு விழா வைக்கிறோம். உங்கள் மாப்பிள்ளையின் அண்ணன் ஆரோக்கியம் அதற்குள் அதைத் தன் விழாவாக்கிவிட்டார். வாழைக்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிறவருக்கு மைக் என்றால் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். யூனியன் சேர்மனைக் கூப்பிட்டு அவர் கையால் அருண் கழுத்தில் சாரணர் ஸ்கார்ஃப் போடச் சொல்லலாம் என்கிறார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. காது குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும், இதற்கு மட்டும் வேண்டாமா? ஸ்கார்ஃபை நீங்கள்தான் போடவேண்டும். மேடையில் என் பக்கம் என்று நிற்க உங்களை விட்டால் எனக்கு யாரும் கிடையாது.

இப்படிக்கு
வியாகுலமேரி

*

வைகை அணை
3.3.1998

தங்கை வியாகுலத்துக்கு அண்ணன் பங்கிராஸ் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டாய்.

எங்கேயாவது விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாயோ என்று உன் கடிதத்தை இரண்டு தடவை பார்த்தேன். கயிற்றில் முடிச்சுப் போட்டானாம். மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சினானாம். கூடாரத்தில் படுத்தானாம். அதற்கு டில்லியிலிருந்து கையெழுத்து வருகிறதாம். வருசநாட்டில் மாடு மேய்க்கிறவன் தினமும் இதைத்தான் செய்கிறான், டவுசர் கூட இல்லாமல். அவனுக்கு யார் மண்டபம் பிடிக்கிறார்கள்?

நான் முப்பத்தாறு வருசம் இந்த அணையில் ஷட்டர் ஏற்றி இறக்கினேன். தண்ணீர் அறுபத்தொன்பது அடியைத் தொட்டால் சங்கு ஊதுவது நான்தான். ரிட்டையர் ஆன அன்று ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் மூன்றாம் மாதம் நின்றுபோனது. அதோடு என் விழா முடிந்தது.

கழுத்தில் துணி கட்டத் தாய்மாமன் எதற்கு? முடி வெட்டும் கடையில் எல்லோருக்கும்தான் கட்டுகிறார்கள். சேர்மனே கட்டட்டும்.

உன் வீட்டுப் படியை நான் ஏன் மிதிப்பதில்லை என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அருணின் ஞானஸ்நானத்தன்று சீர்த்தட்டை நீட்டிக்கொண்டு நான் நின்றேன். ஆரோக்கியம் அதை இடது கையால் வாங்கினான். வலது கையில் சிகரெட் வைத்திருந்தான். பதினாறு வருசம் ஆனது, அந்தக் கை இன்னும் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அவன் மைக் பிடிக்கிற மண்டபத்தில் எனக்கு என்ன வேலை?

எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் பக்கத்து வீட்டில் சொல்லி எழுதுகிறேன்.

பங்கிராஸ்

*

அனுமந்தன்பட்டி
12.3.1998

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம். உங்கள் வாய் சுகமாக இருப்பதைக் கடிதத்தில் பார்த்துக்கொண்டேன்.

கண் மங்கினால் கண்ணாடி போடுவார்கள், எழுத ஆள் வைக்க மாட்டார்கள். எழுத்து குண்டு குண்டாக, புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் குட்டி வட்டம் போட்டிருக்கிறது. இது ஆம்பிளை எழுத்து இல்லை. அண்ணி போய் ஐந்து வருடம் ஆகிறது. உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் அறுபத்தொரு வயதில் நடக்கிற காரியத்தை ஒரே தங்கச்சிக்கு ஒரு வரி எழுதிவிட்டுச் செய்திருக்கலாம். கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

மாடு மேய்க்கிறவனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாடு மேய்க்கிறவன் போன வருடம் சுருளித் தீர்த்தத்தில் முழுகப் போன பிள்ளையைத் தூக்கி, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தானா? அருண் எடுத்தான். அதை நான் பெருமைக்காக யாரிடமும் சொல்லவில்லை. தாய்மாமனிடம் கூடச் சொல்லாவிட்டால் பிறகு யாரிடம் சொல்வது?

வரும் 22ஆம் தேதி அருணை உங்களிடம் அனுப்புகிறேன். முறைப்படி அழைக்க வேண்டியது அவன்தான். சாரணன் என்றால் எப்படி இருப்பான் என்று நீங்களும் பாருங்கள். சீருடையோடு வரச் சொல்லியிருக்கிறேன். பன்னீர் திராட்சை இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். எழுதித் தருகிற அம்மாவுக்கும் கொடுங்கள்.

வியாகுலமேரி

*

வைகை அணை
28.3.1998

வியாகுலத்துக்கு. நலமெல்லாம் கடைசியில்.

முதலில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிறவர் பெயர் ஞானபாக்கியம். பக்கத்து வீடு. சத்துணவு அமைப்பாளர். ஐம்பத்திரண்டு வயது, மூன்று பேரப்பிள்ளைகள். உன் போன கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். வாசித்து முடித்ததும் கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு வந்த திராட்சையையும் தொடவில்லை. உன் மூளை உன் புகுந்த வீட்டில் எந்த அளவுக்கு அழுகிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது உன் மகன். தவக்காலத்தில் கோபப்படக்கூடாது என்று ஐந்து நாள் பல்லைக் கடித்தேன், முடியவில்லை. வாசலில் வந்து விறைப்பாக நின்றான். மூன்று விரலை நெற்றியில் வைத்தான். சரி, ஏதோ வணக்கம் என்று விட்டேன். அடுத்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, இடது கையை நீட்டினான்.

இடது கையை, வியாகுலம். என்னிடம். யாரிடம் எதை நீட்டுகிறோம் என்று தெரிந்துதான் நீட்டினான். பெரியப்பன் சீர்த்தட்டை வாங்கிய அதே கை. பதினாறு வருசமாக அந்த வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். இல்லை, அதைவிடக் கேவலம் இது. ஆரோக்கியமாவது சிகரெட்டுக்காக நீட்டினான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இவனுக்கு ஜனாதிபதி கையெழுத்து ஒரு கேடு. விழாவுக்கு நான் வரமாட்டேன். இனி இதைப் பற்றி எழுதாதே.

நலம்.

பங்கிராஸ்

*

அனுமந்தன்பட்டி
14.4.1998

அன்புள்ள அண்ணனுக்கு ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அருணை அடித்தேன். பதினாறு வயதுப் பிள்ளையை விளக்குமாற்றால் அடித்தேன். அவன் நகராமல் நின்று வாங்கிக்கொண்டான். அடித்து முடித்ததும் சொன்னான், "அம்மா, சாரணங்க எல்லாரும் எடது கையத்தான் குடுப்பாக. எங்க சார் எனக்குக் குடுக்குறாக, கலெக்டர் கேம்ப்புக்கு வந்தப்ப அவுகளுக்கும் அப்படித்தான் குடுத்தோம். நான் மாமாவ எங்க ஆளா நெனச்சுக் குடுத்தேன்."

நான் நம்பவில்லை. ஊரில் பிச்சைக்காரன் கூட இடது கையால் போட்டால் வாங்கமாட்டான். சாரண ஆசிரியர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் படம் காட்டினார். உண்மைதான் அண்ணே. உலகம் பூராவும் இவர்கள் இடது கையைத்தான் கொடுத்துக்கொள்கிறார்களாம். எந்த வெள்ளைக்காரன் வேலை வெட்டி இல்லாமல் இதைக் கண்டுபிடித்தானோ, அவன் நம் ஊருக்கு வந்து நாலு பேர் வீட்டில் காபி குடித்திருக்க வேண்டும், அப்போது தெரிந்திருக்கும். மூன்று வருடமாகச் சாரணனாக இருக்கிற என் பிள்ளைக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பது எனக்கே தெரியவில்லை. பெற்ற தாயிடம் யார் கை குலுக்குகிறார்கள்?

பிள்ளை செய்தது தப்பு இல்லை. இனி நீங்கள் செய்ததைக் கேட்கிறேன். அவன் சொன்னான், "மாமா வலது கையத் துண்டுக்குள்ளயே வச்சிருந்தாக. வெளிய எடுக்கவே இல்ல. சிலுவையும் போடல."

கிளம்புகிற பிள்ளைக்கு நெற்றியில் ஒரு சிலுவை போட உங்களுக்குக் கை வரவில்லை. நாய் வந்து நின்றால் கூட விரட்டுவதற்காவது கையை வெளியே எடுப்பார்கள். ஆரோக்கியம் இடது கையால் வாங்கினார் என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்தக் கையையுமே கொடுக்கவில்லை. இரண்டில் எது பெரிய அவமரியாதை?

வியாகுலமேரி

*

அனுமந்தன்பட்டி
2.5.1998

அண்ணனுக்கு. பதினெட்டு நாள் ஆகிறது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் இப்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். ஆரோக்கியம் அச்சடித்தது. அருண் பெயரைத் தேடினால் கிடைக்கும். அதற்கு மேலே ஆரோக்கியம் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. "சாரணர்" என்பதைச் "சாரனர்" என்று போட்டிருக்கிறார்கள். பேனரிலும் அப்படியே எழுதி மாட்டியாகிவிட்டது. கேட்டால், "ஆத்தா, மூணு சுழி என்ன ரெண்டு சுழி என்ன, வர்றவுக சாப்பாட்டப் பாப்பாகளா சுழியப் பாப்பாகளா" என்கிறார். இவர் குடும்பத்தில் ஒருவருக்கு ஜனாதிபதி விருது.

கீழே பாருங்கள். "ஸ்கார்ஃப் அணிவிப்பவர்: தாய்மாமன் திரு. பங்கிராஸ், ஒர்க் இன்ஸ்பெக்டர், ஓய்வு." அந்த ஒரு வரிக்காக நான் அச்சகத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். நேற்று ஆரோக்கியம் எல்லோர் முன்னாலும் சொன்னார், "அவுக வரமாட்டாக. நம்ம சேர்மன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். பேரப் போட்டது போட்டபடி இருக்கட்டும், பாவம்."

அந்தப் "பாவம்" என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லாத என்னைக் கையைப் பிடித்து இந்த வீட்டில் கொண்டு வந்து விட்டது நீங்கள். அன்றிலிருந்து இவர்கள் என்னைப் பாவமாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள், ஒரு பத்து நிமிடம், எனக்கும் ஆள் இருக்கிறது என்று இவர்கள் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

வியாகுலமேரி

*

வைகை அணை
6.5.1998

திருமதி வியாகுலமேரி அவர்களுக்கு, சத்துணவு அமைப்பாளர் ஞானபாக்கியம் எழுதுவது. நீங்கள் நினைத்த ஞானபாக்கியம் நான் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனைப் போன்ற ஒரு மனிதரோடு பக்கத்து வீட்டில் இருப்பதே போதும், அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. அவர் சொல்வதில் பாதியை நான் எழுதுவதே கிடையாது. எழுதினால் தபால்காரர் வாங்கமாட்டார்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

போன டிசம்பர் ஏழாம் தேதி காலையில் உங்கள் அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். ரேசர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்தோம். கால் திரும்பிவிட்டது. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை, அது உங்களுக்கே தெரியும். வலது கை வரவில்லை. தோளிலிருந்து அப்படியே தொங்குகிறது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கையைத் துண்டால் மூடித்தான் வாசலுக்கு வருகிறார்.

உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் சொன்னது இது: "அவளுக்கு எல்லாத்தையும் குடுத்தது இந்தக் கைதான். இது செத்துப் போச்சுன்னு அவ புகுந்த வீட்டுல தெரியவேணாம். ஆரோக்கியம் சிரிப்பான்."

உங்கள் மகன் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் இடது கையை நீட்டியதும் உங்கள் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பையன் செத்த கையைக் கண்டுபிடித்துவிட்டான், கிண்டல் பண்ணுகிறான், இல்லையென்றால் பரிதாபப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய் அழுதார். அவர் கோபப்பட்டது அதற்குத்தான், ஆரோக்கியத்துக்காக இல்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "எடது கைதான் கொடுப்பாங்களாமா" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "கத விடுறா" என்றார். ஆனால் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அண்ணனும் தங்கையும் நன்றாகத் திட்டிக்கொள்கிறீர்கள். நடுவில் எழுதி எழுதி எனக்குக் கை ஒடிகிறது.

ஞானபாக்கியம்

*

அனுமந்தன்பட்டி
9.5.1998

அண்ணனுக்கு. இங்கே எல்லோரும் சுகம். இதுதான் கடைசிக் கடிதம், இதற்கு மேல் கெஞ்சமாட்டேன்.

நீங்கள் வரப்போவதில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களைப் போன்ற விவரம் தெரியாத ஆட்களுக்காகச் சாரண ஆசிரியர் விழாவுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார். மண்டபத்தில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் இடது கைதான் கொடுப்பார்கள். மேடையிலும் அதேதான். வாங்குவது, கொடுப்பது, குலுக்குவது எல்லாம் இடது கை. வலது கையை நீட்டுகிறவன்தான் அங்கே மரியாதை தெரியாதவன். சேர்மனாக இருந்தாலும் சரி, பிஷப்பாக இருந்தாலும் சரி.

சீர்த்தட்டு எதுவும் கொண்டுவரக் கூடாது. இது காதுகுத்து இல்லை. ஸ்கார்ஃபைக் கழுத்தில் போடுகிற வேலை மட்டும்தான் தாய்மாமனுக்கு. முடிச்சுப் போடத் தேவையில்லை, அதற்கு ஒரு வளையம் இருக்கிறது, பிள்ளையே மாட்டிக்கொள்வான். மூன்று வயதுக் குழந்தை கூடச் செய்யும் வேலை. உங்களால் முடியுமா என்று தெரியவில்லை.

வெயில் அதிகம், ஆனாலும் துண்டு போட்டுக்கொண்டு வரலாம். இங்கே எல்லாக் கிழவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். காலை ஏழரை மணிக்கு ஆண்டிபட்டியில் கம்பம் பஸ் ஏறினால் உட்கார இடம் இருக்கும்.

வராவிட்டால் ஆரோக்கியம் சொன்னதுதான் சரி என்று நானும் சொல்லிவிடுவேன்.

வியாகுலமேரி

*

வைகை அணை
13.5.1998

வியாகுலத்துக்கு. வருகிறேன். உனக்காக இல்லை. மூணு சுழிக்கும் ரெண்டு சுழிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்னைப் பாவம் என்று சொல்லக்கூடாது, அதற்காக. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்.

பங்கிராஸ்

*

அனுமந்தன்பட்டி
19.5.1998

அன்புள்ள அக்கா ஞானபாக்கியம் அவர்களுக்கு, வியாகுலமேரி வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகள் சுகமா? மார்ச் மாதம் உங்களைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மன்னித்துவிடுங்கள். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

சாரண ஆசிரியரிடம் அப்படி ஒரு முறை எதுவும் இல்லை. நான்தான் அவரிடம் போய், இருபத்து நாலு பிள்ளைகளையும் மண்டப வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் இடது கை கொடுக்க வையுங்கள் என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஊர்க்காரர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். "ஏலே, என்னலே இது, எச்சிக் கையா" என்று ஒருவர் வாசலோடு திரும்பப் பார்த்தார். உள்ளே பிரியாணி வாசனை வந்ததும் தாராளமாக இடது கையைக் கொடுத்துவிட்டு நுழைந்தார். சேர்மன் வலது கையை நீட்டி நீட்டி மூன்று பிள்ளைகளிடம் தோற்றுப்போனார்.

பத்தே முக்காலுக்கு அண்ணன் வந்தார். முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் துண்டு. இளைத்துப் போய், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து. நான் ஓடிப் போகவில்லை. போனால் அழுதிருப்பேன், அதை அவர் தாங்கமாட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பிள்ளை இடது கையை நீட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அடுத்த பிள்ளையைப் பார்த்தார். வரிசையின் கடைசி வரை பார்த்தார். எல்லாம் இடது கை. மெதுவாகத் தன் கையைக் கொடுத்தார். இருபத்து நாலு பேருக்கும் கொடுத்தார், ஒருவரையும் விடவில்லை.

மேடையில் பேனரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாரனர்" என்று சத்தமாக வாசித்தார். அவ்வளவுதான் சொன்னார். முன்வரிசை சிரித்தது.

ஸ்கார்ஃபுக்குக் கூப்பிட்டார்கள். அருண் வந்து மூன்று விரல் வணக்கம் வைத்துவிட்டு, மாமாவுக்கு இடது கையை நீட்டினான். ஆரோக்கியத்துக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்தது. மைக்கைப் பிடித்தபடியே, "ஏலே, பெரிய மனுசருக்கு எந்தக் கையடா நீட்டுறது? வாசல்ல அடிச்ச கூத்து பத்தாதா?" என்றார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. சொல்லிவிட்டு, தான் மரியாதை தெரிந்தவர் என்று காட்ட அண்ணன் முன்னால் வந்து தன் வலது கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் துண்டுக்குள்ளிருந்து அந்தக் கையை எடுக்க முடியாது, எல்லோரும் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணன் ஆரோக்கியத்தின் கையை, கடையில் வாடிப்போன கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் நன்றாகக் கேட்டது.

"ஆரோக்கியம், பதினாறு வருசத்துக்கு முன்னால என் சீர்த்தட்ட நீ எடது கையால வாங்குன. அன்னைக்கு நீ சரியாத்தான் வாங்கியிருக்க, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. இன்னைக்குத்தான் நீ மரியாத தெரியாம நிக்கிற. கைய உள்ள வையி."

ஆரோக்கியம் கையை உள்ளே வைத்தார், அக்கா. என் கல்யாணத்திலிருந்து இன்று வரை அந்த மனிதர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு அண்ணன் பிள்ளையின் கையைப் பிடித்தார். ஸ்கார்ஃபை ஒற்றைக் கையால் எடுத்துக் கழுத்தில் போட்டார். ஒரு பக்கம் நழுவியது. அருண் ஒன்றும் தெரியாதவன் போல் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டான். நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கையைக் குலுக்கியபோதே அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவன் ஒரு நுனி, அண்ணன் ஒரு நுனி. வளையத்தை ஏற்றினார்கள். எனக்கு ஆள் இருக்கிறது என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

சாப்பிடாமல் போய்விட்டார். உப்பு அதிகம் என்றார், வாயில் வைக்காமலே.

உங்கள் தங்கை
வியாகுலமேரி

*

வைகை அணை
21.6.1998

வியாகுலம்

நலம். இதை நானே எழுதுகிறேன். ஒரு வாரமாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரிதான் வருகிறது. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஜனாதிபதி விருது வாங்கிய வீட்டில் யாருக்காவது வாசிக்கத் தெரிந்தால் வாசித்துக்கொள்.

உனக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் துண்டு போட்டுக்கொண்டு வரலாம் என்று எவளாவது எழுதுவாளா? ஞானபாக்கியத்திடம் கேட்டேன். சத்துணவு முட்டை மேல் சத்தியம் பண்ணினார். அந்த முட்டையை நான் நம்பவில்லை.

வாசலில் நிறுத்திய பிள்ளைகள் உன் வேலை என்றும் தெரியும். புத்தி இருக்கிறது உனக்கு. அதை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாய்?

அன்று சிலுவை போடாமல் வந்துவிட்டேன். இடது கையால் போடலாமா கூடாதா என்று தெரியவில்லை. சாமியாரிடம் கேட்டேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் எனக்குக் கல்லறைதான். நான் அவர் பதிலுக்காக நிற்கப் போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பையனை அனுப்பு. சீருடை வேண்டாம், பார்க்கச் சகிக்கவில்லை. அன்று மேடையில் என் கையைப் பிடித்தானே, வாழைப்பழத்தைப் பிடிக்கிற மாதிரி, நசுங்கிவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்தான். இந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல். அழுத்திப் பிடிக்கச் சொல்.

பங்கிராஸ்